சாம்பல் தட்டு

பார்க்கக்கூடாது. மற்ற பதினான்கையும் ஆசை தீரப் பார்க்கலாம், அதை மட்டும் பார்க்கக்கூடாது என்று தவமணி தன் கண்ணுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள், கண்ணும் பெரும்பாலும் சொன்னபடி கேட்டது. புல்லின் மேல் நீலத் தார்ப்பாய், தார்ப்பாயின் மேல் பதினைந்து தட்டுகள், இருதயராஜ் அண்ணன் பதினோரு வருஷமாகச் சேர்த்தவை. சாப்பிடுகிற தட்டு இல்லை, வீசுகிற தட்டு, மரங்களுக்கு நடுவே வீசி வீசிக் கொண்டுபோய்க் கடைசியில் ஒரு சங்கிலிக் கூடைக்குள் விழவைக்க வேண்டிய தட்டு. டிஸ்க் கால்ஃப் என்று கேட்டால் கொடைக்கானலில் யாருக்கும் தெரியாது, தட்டு வீசுற கூட்டம் என்று கேட்டால் ஆட்டோக்காரர் பேசாமல் பேரிக்காய்த் தோட்டத்து வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அந்தக் கூட்டத்தில் எட்டே பேர். செவ்வாய்க்கிழமை முதல் ஏழு. நெஞ்சுச் சளிக்கு மலைக்குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இருதயராஜ் ஜீப்பை விற்றுவிட்டுச் சாத்தூருக்கு, மகள் வீட்டுக்கு, போகிறார். சாத்தூரில் தட்டு வீசலாம், ஆனால் நடுவில் மரம் வேண்டுமே. மலையை விட்டுப் போகிறவர் தட்டைக் கொண்டுபோவதில்லை என்பது கூட்டத்தின் வழக்கம், ஏனென்றால் நல்ல தட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு, யாராவது வெளிநாட்டிலிருந்து வரும்போது துணிகளுக்கு அடியில் நாலு வந்தால் உண்டு. ஆகவே போகிறவரின் பையைத் திறந்து தார்ப்பாயில் பரப்பி, அந்த வருஷத்து ஆட்டத்தில் கடைசியாக வந்தவர் முதலில் எடுக்க வேண்டும், அப்புறம் அவருக்கு முந்தியவர், இப்படியே இரண்டு சுற்று. எடுத்ததை ஒரே ஒரு முறை வீசிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் திருப்பி வைத்துவிட்டு வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். பெர்னதெத் டீச்சர் முதலில், மருந்துக்கடை சின்னச்சாமி இரண்டாவது, தவமணி மூன்றாவது. கடைசியில் இருந்து மூன்றாவது என்றால் ஆட்டம் வராதவள் என்று அர்த்தம் இல்லை, அரசாங்கம் அவளை மறு அளவைக்காக ஐந்து மாதம் பழனிப் பக்கம் போட்டுவிட்டது, அவ்வளவுதான். சர்வேயர் வேலையில் சங்கிலி போகிற இடத்துக்கெல்லாம் போய்த்தான் ஆக வேண்டும். அந்த ஐந்து மாதம் இப்போது அவளை மூன்றாவது இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறது, அதுவும் நல்லதுக்குத்தான்.

இரண்டு பேர். இரண்டே பேர் அதைத் தொடாமல் விட்டால் போதும். டீச்சரைப் பற்றிக் கவலை இல்லை, அறுபது வயதில் தோள் வலிக்காமல் வீசுவதற்கு மெத்தென்று ஒன்று எடுப்பார்கள், அதிலும் நிறம் பார்ப்பார்கள். சின்னச்சாமி ஆரஞ்சை எடுப்பார். எடுக்காமல் போவாரா, மலை முழுக்க அந்த ஆரஞ்சுக்குப் பேர். தட்டில் மூன்று ஜாதி, தூரம் ஓடுகிற மெல்லிய விளிம்புத் தட்டு ஒன்று, கூடைக்குப் பக்கத்தில் இருந்து போடுகிற தடித்த தட்டு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் மிட் என்று ஒன்று. மற்ற இரண்டும் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம், மிட் நேராகப் போக வேண்டும். வலப்பக்கம் சாயாமல், வேகம் குறையும்போது இடப்பக்கம் இழுக்காமல், விட்ட கோட்டில் போய்க் கோட்டிலேயே உட்கார வேண்டும். அப்படி ஒன்று தவமணியிடம் இருந்தது, பச்சை நிறம், இரண்டு மாதத்துக்கு முன்னால் நாலாவது கூடையில் காற்று அடித்து ஓடைப் பள்ளத்துக்குள் போய்விட்டது, மூன்று ஞாயிற்றுக்கிழமை அட்டைக் கடியில் தேடினாள். அதில் இருந்து ஆறாவது கூடையில் அவளுக்குத் திண்டாட்டம்தான். ஆறாவது இதோ எதிரில் இருக்கிறது, இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரம், நடுவில் எட்டடிச் சந்து, அறுபத்தைந்து மீட்டர், அந்தக் கோடியில் கூடை. எட்டடியா, யார் சொன்னது, ஏழு அடி பத்து அங்குலம், அவளே டேப் பிடித்து அளந்திருக்கிறாள். அந்தச் சந்துக்குள் வளைகிற தட்டுக்கு வேலையே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஆட்டம், நாலு பேர் பெங்களூர்ப் போட்டிக்கு, மூன்று இடம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும், நாலாவது அவளுக்கா தில்ஷாதுக்கா என்பதுதான் கேள்வி. தில்ஷாதிடம் நேரான மிட் இருக்கிறது. தார்ப்பாயின் இடது மூலையில் கிடக்கிற அது கிடைத்தால் தவமணியிடமும் இருக்கும், கிடைத்துவிட்டால் தில்ஷாத் என்ன, அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். பார்க்காதே என்றேனே. பார்க்கவில்லை, மூலையைத்தான் பார்த்தேன்.

பெர்னதெத் டீச்சர் கம்பளிச் சால்வையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள், கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி. "இது கனமா இருக்கே, ராஜு?" என்று கேட்டார்கள். "நூத்தி எழுவது கிராம் டீச்சர், நீங்க தூக்குற ஹார்மோனியத்தை விடக் கம்மிதான்," என்றார் இருதயராஜ், பிளாஸ்டிக் ஸ்டூலில் மஃப்ளருக்குள் இருந்து. எல்லோரும் சிரித்தார்கள், தவமணியும் சேர்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவருடைய வலது கையைப் பார்த்தாள். டீ டம்ளரைப் பிடித்திருக்கிறது அந்தக் கை, டம்ளருக்குள் டீ ஒரு பக்கமாக ஏறி நிற்கிறது, அவருக்கு அது தெரிவதே இல்லை. மணிக்கட்டு. எல்லாம் அந்த மணிக்கட்டில் இருக்கிறது, இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜீப் பானட் விழுந்து எலும்பு விட்டுப்போய், மாவுக்கட்டுப் போட்டு, பிரித்தபோது ஒரு நூல் திரும்பிச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து அண்ணன் தட்டை எப்படி வீசினாலும் வெளி விளிம்பு தாழ்ந்துதான் கையை விட்டுக் கிளம்பும். அப்படித் தாழ்ந்து கிளம்புகிற தட்டு இடப்பக்கம்தானே போக வேண்டும். ஆனால் ஆரஞ்சு நேராகப் போகிறது. ஏன் போகிறது? அது வலப்பக்கம் சாய்கிற ஜாதி, மரத்தில் அடிபட்டு அடிபட்டு இன்னும் அதிகமாகச் சாய்கிற தட்டு. கை இடப்பக்கம் தள்ள, தட்டு வலப்பக்கம் திரும்ப, கோணலும் கோணலும் கூடி ஒரு நேர். ஜனங்கள் தட்டு போன வழியைப் பார்த்தார்கள், கையைக் கழித்துப் பார்க்கவில்லை. ஆரஞ்சு நேர்த் தட்டு, ஆரஞ்சு நேர்த் தட்டு என்று ஒரே பேச்சு. அதைச் சின்னச்சாமியின் சாயாத, மட்டமான கையில் கொடுத்தால் பேரிக்காய் மரத்துக்குப் போய்விடும். அப்படியானால் நேர்த் தட்டு எது? அண்ணன் கையில் இருந்து எது எப்போதும் இடப்பக்கம் போய்க்கொண்டே இருந்ததோ, எதைச் சனியன் என்று திட்டிப் பைக்கு அடியில் போட்டாரோ, அது. தாழ்த்தி விட்டால் தாழ்ந்த கோட்டிலும் மட்டமாக விட்டால் மட்டமான கோட்டிலும் சொன்ன சொல் மாறாமல் போகிற தட்டு அது ஒன்றுதான். சாம்பல் நிறம். யாரும் திரும்பிப் பார்க்காத நிறம்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு கண் வேண்டும், அது தனக்கு இருக்கிறது என்பதில் தவமணிக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. பதினாறு வருஷமாகக் கோடு பார்த்த கண். கவுஞ்சியில் இரண்டு பங்காளிகள் வேலிக்காக அரிவாளைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அவள் மூன்று கழி நட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்து, கல் நகர்ந்திருக்கு, ரெண்டு சாண், இந்தப் பக்கமா என்று சொல்லி, தோண்டிப் பார்த்தால் பழைய கல்லின் குழி அங்கேயே இருந்தது. பூம்பாறையில் ஒருவர் வீட்டுக்கே பூண்டு மூட்டை அனுப்பினார், அதே வண்டியில் திருப்பி அனுப்பினாள். அரை அடிக்குக்கூட அவள் கோடு மாற்றிப் போட்டது கிடையாது, தாசில்தாரே கேட்டாலும் கிடையாது, தவமணி அளந்தால் அளந்ததுதான் என்று மேல்மலையில் ஒரு சொல்லே உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர்கள் ஆடத் தெரிந்தும் அப்படித்தான் பேசுகிறார்கள், தட்டு சரியில்லை, காற்று சரியில்லை, கூடை சரியில்லை. கையைப் பாருங்களப்பா முதலில். இதோ இங்கே உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் அவள் கண்டுபிடிக்கவில்லையா. ஐந்து நிமிஷத்திலா. சரி, ஐந்து நிமிஷம் இல்லை. போன வாரம் அண்ணன் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று ராத்திரிப் படுக்கையில் தோன்றியது. அதுவும் இல்லை. அதை இப்போது எதற்கு எடுக்க வேண்டும், டீச்சர் எழுந்துவிட்டார்கள், ரோஸ் நிறத் தடித்த தட்டு, நினைத்தது போலவே. மெல்ல நடந்து போய் ஆறாவது கூடைப் பக்கம் ஒரு வீச்சு, பாதி தூரத்தில் புல்லில் விழுந்தது, டீச்சர் திரும்பி மகராசியாகச் சிரித்தார்கள், "எனக்குப் பிடிச்சிருக்கு, வெச்சுக்கறேன்." ஒன்று முடிந்தது. பனி மரத்து உச்சியில் இருந்து கீழே இறங்கப் பார்க்கிறது, பரவாயில்லை, இன்னும் கூடை தெரிகிறது.

சின்னச்சாமி எழுந்தார். மருந்துக்கடைக்காரருக்கு உரிய நிதானத்தோடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆரஞ்சு, ஆரஞ்சு, போய் ஆரஞ்சை எடும் ஐயா, நடுவில்தானே கிடக்கிறது. அவர் நடுவுக்குப் போகவில்லை. இடது மூலைக்குப் போனார். குனிந்தார். சாம்பலைக் கையில் எடுத்தார். வைத்துவிடு, வைத்துவிடு, அது சனியன், ஜீப்புச் சூட்டில் நெளிந்துபோனது, எல்லோருக்கும் தெரியுமே, உனக்கு மட்டும் தெரியாதா. அவர் அதை விரலால் சுண்டினார், விளிம்பைத் தடவினார், கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். நெளிவு இருக்கிறதா என்று பார்க்கிறார். இருக்காதே, பார்த்தால் தெரிந்துவிடுமே. அது நெளியவே இல்லை என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரியும், சரி, தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், குறுகுறுத்துத் தொலையட்டும், ஒரு தடவை முழுசாக நினைத்துவிட்டால் விட்டுவிடும். மூன்று வருஷத்துக்கு முன்னால், மாவுக்கட்டுப் பிரித்த பத்தாவது நாளோ என்னவோ, அன்றைக்கும் தேர்வு ஆட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது, அன்றைக்கும் நாலாவது இடம்தான், அவளுக்கா இருதயராஜுக்கா என்று. அண்ணன் சாம்பலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கே வந்தார். "தவமணி, புதுத் தட்டும்மா, நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு, இப்ப என்னமோ இடது பக்கமே இழுக்குது. ஜீப்புல போட்டுட்டுப் பழனி போய்ட்டு வந்தேன், வெயில்ல நெளிஞ்சிருக்குமோ? நீதான் கண்ணுக்காரி, பாத்துச் சொல்லு." அவள் அதை வாங்கிப் பாத்திரம் கழுவுகிற கடப்பைக் கல்லில் கவிழ்த்து வைத்தாள். குனிந்து, கன்னம் கல்லில் படுகிற மாதிரி குனிந்து, சுற்றிப் பார்த்தாள். ஒரு தாள்கூட நுழையாது, அப்படி மட்டமாக உட்கார்ந்திருந்தது. நிமிர்ந்தபோது அவர் மணிக்கட்டு எதிரில் இருந்தது. ஒரு நொடியில் புரிந்துவிட்டது அவளுக்கு, தட்டு இல்லை, கை. சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் பிடியைக் கொஞ்சம் மாற்றிச் சரிப்படுத்தியிருப்பார், இருபது வருஷ ஜீப் ஓட்டிக்குக் கை சொன்னபடி கேட்கும். "ஆமாண்ணே," என்றாள் தவமணி, "லேசா நெளிஞ்சிருக்கு." அவ்வளவுதான். மூணே வார்த்தை. அவர் வேறு எதையோ வைத்து ஆடி இரண்டு வீச்சில் தோற்றார், அவள் பெங்களூர் போனாள். அரை அடிக்குக் கோடு மாற்றாதவள். நிலம் என்றால் அது சர்க்கார் காரியம், கையெழுத்து இருக்கிறது, இது விளையாட்டுத்தானே, விளையாட்டில் எதிராளிக்கு யார் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள், கேட்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள். யாரிடமும் கேட்டதில்லை. அண்ணன் அதற்கப்புறம் அந்த ஆரஞ்சைக் கண்டுபிடித்துச் சந்தோஷமாகத்தானே இருந்தார், மூன்று வருஷமும் சிரித்துக்கொண்டுதானே இருந்தார். சின்னச்சாமி தலையைத் தூக்கி இருதயராஜைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சாம்பலைத் திருப்பி வைத்தார். வைத்துவிட்டார். நடுவுக்குப் போய் ஆரஞ்சை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "வீசிப் பாக்கலையா?" என்று யாரோ கேட்டதற்கு, "இதையா? இதை வீசிப் பாக்கணுமாய்யா?" என்றார். தவமணி மடக்கியிருந்த காலை நீட்டினாள். கால் மரத்துப்போயிருந்தது.

அவள் முறை. அவசரப்படக்கூடாது, நேராக மூலைக்குப் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், தெரிந்தால்தான் என்ன, இனி யார் பிடுங்கப்போகிறார்கள், இருந்தாலும் ஒரு மரியாதைக்காக நடுவில் நின்று ஒரு மஞ்சளைத் தூக்கிப் பார்த்து வைத்தாள், ஒரு நீலத்தைப் புரட்டினாள், உதட்டைப் பிதுக்கினாள். தனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் சும்மா போகிறவள் போல மூலைக்குப் போய்ச் சாம்பலை எடுத்தாள். கையில் வந்ததுமே தெரிந்துவிட்டது. விளிம்பு உள்ளங்கையில் சரியாகப் போய் உட்கார்ந்தது, கட்டை விரல் தானாக மேலே படுத்தது, பச்சைத் தட்டு போன இரண்டு மாதமாக அந்தக் கை எதையோ தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். பெங்களூர் என் பக்கம் என்று நினைத்தாள். அண்ணன் பதறுவார், அது சனியன், வேண்டாம்மா என்பார், அதற்கு ஒரு பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள், சனியனும் ஒரு நாள் பெயர்ந்துதானே ஆகணும்ணே என்று. அண்ணன் பதறவில்லை. பெர்னதெத் டீச்சர்தான் கை தட்டினார்கள். "பாத்தீங்களா ராஜு, நீங்க சொன்ன மாதிரியே வந்து எடுத்துட்டா!" தவமணிக்குப் புரியவில்லை. "என்ன சொன்னாங்க டீச்சர்?" என்றாள். "அந்தச் சாம்பலை யாரும் தொடாதீங்க, அது தவமணிக்குன்னு போன வாரமே எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டாரேம்மா," என்றார்கள் டீச்சர். சின்னச்சாமியும் சேர்ந்துகொண்டார். "அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு கையில எடுத்துப் பாத்தேன் சர்வேயரம்மா, அதுக்கே அண்ணன் முறைச்ச முறைப்பு இருக்கே!"

ஒரு முறை வீசிப் பார்க்க வேண்டும், அது வழக்கம், ஆகவே தவமணி ஆறாவது கூடைப் பக்கம் நடந்தாள். நடக்கிறோம் என்று தெரிந்தது, புல் ஈரம் செருப்புக்குள் வந்தது, மற்றதெல்லாம் குழம்பிக் கிடந்தது. அவருக்குத் தெரியுமா. எது தெரியும். நேர்த் தட்டு இதுதான் என்று தெரிந்தால் கையும் தெரியும், கை தெரிந்தால், இல்லை, அதெல்லாம் இல்லை, பச்சைத் தட்டு போனதில் இருந்து அவள் படுகிற பாட்டைப் பார்த்து ஏதோ ஒன்று கொடுக்க நினைத்திருப்பார். ஏதோ ஒன்று என்றால் ஆரஞ்சைச் சொல்லியிருப்பாரே. பின்னால் இருமல் சத்தம் கேட்டது. இருதயராஜ் டம்ளரோடு வந்துகொண்டிருந்தார், மெதுவாக, ஏற்றத்தில் நின்று நின்று. கூட்டம் தார்ப்பாயைச் சுற்றி இருந்தது, இங்கே பேசினால் அங்கே கேட்காது.

"அண்ணே, இதை ஏன் எனக்குன்னு வெச்சீங்க?"

"பச்சை போனதுல இருந்து நேர்த் தட்டுக்குத் தவிக்கிறவ நீதானே? உன் கை சாயாத கை, இது நேராப் போகும்."

"அப்ப உங்க கை..."

"கோணல்னு எனக்குத் தெரியாதா?" அவர் சிரித்தார். "கட்டுப் பிரிச்ச வாரமே ஜீப்பு இடது பக்கம் இழுக்குதுன்னு ஒர்க்‌ஷாப்ல விட்டேன்மா. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு, வண்டி நேராத்தான்ணே இருக்கு, நீங்கதான் இழுக்குறீங்கன்னுட்டான். அதுக்கப்புறம்தான் தட்டை எடுத்துக்கிட்டு உன் வாசலுக்கு வந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டா வந்தீங்க?"

"எவ்வளவு கோணல், எப்படித் திருத்தறது, அது தெரியலையே. நான் வீசுறதை நானே நின்னு பாக்க முடியுமா? உனக்குத்தான் அந்தக் கண்ணு. கையைப் பாரும்மான்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. தட்டைக் குடுத்தா நீயே கைன்னு சொல்லிருவேன்னு நெனச்சேன்."

"நெளிஞ்சிருக்குன்னு சொன்னேன்."

"சொன்ன."

"பொய்னு தெரியுமா?"

"எங்க வீட்டுலயும் கடப்பைக் கல்லு இருக்கும்மா."

கூடைப் பக்கம் எங்கோ ஒரு குயில் மாதிரி ஏதோ கத்தியது, குயில் இல்லை, மலையில் அதற்கு வேறு பெயர், நினைவு வரவில்லை. கோபம் வரவில்லையா அண்ணே என்று கேட்டாள், கேட்டது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. "வராம? பெங்களூர்ல இருந்து மைசூர்பாகு வாங்கியாந்து குடுத்தியே, நாய்க்குப் போட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "அப்புறம் கோவம் போயிருச்சு. ஆனா நீயா ஒரு நாள் வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாப்பேன். சரி, வீசு. பனி இறங்கிட்டா கூடை தெரியாது."

சின்னச்சாமி பாவமில்லையா அண்ணே, அந்த ஆரஞ்சு, என்று ஆரம்பித்தாள், வேறு எதையாவது பேசிவிட வேண்டும் போல இருந்தது. "வலது பக்கம் போவுதுன்னு நாளைக்கே என்னைத் திட்டுவான். திட்டட்டும், நான் சாத்தூர்ல இருப்பேன்," என்றுவிட்டு அவர் திரும்பித் தார்ப்பாயை நோக்கி இறங்க ஆரம்பித்தார்.

தவமணி சந்துக்கு முன்னால் நின்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் நிற்பாள், இதே தட்டு, இதே ஏழு அடி பத்து அங்குலம். கைக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குப் பின்னால் போய் மட்டமாக வந்து விட்டது. சாம்பல் கிளம்பியது. சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே, வலப்பக்கம் ஒரு விரற்கடை இல்லை, இடப்பக்கம் ஒரு விரற்கடை இல்லை, பனிக்குள் நுழைந்து மங்கி, அப்புறம் சங்கிலி குலுங்குகிற சத்தம் மட்டும் வந்தது. கீழே கூட்டம் ஓவென்று கத்தியது, தில்ஷாத்கூடக் கை தட்டினாள். இந்த மாதிரி ஒரு வீச்சுக்காக அவள் வருஷக்கணக்கில் காத்திருந்திருக்கிறாள். இப்போது அது கொஞ்சம் கோணலாகப் போயிருந்தால் தேவலை என்று இருந்தது. நேராகப் போனதே அவமானமாக இருந்தது, அழுகை வருகிற மாதிரி இருந்தது. தப்புப் பண்ணிட்டேண்ணே என்றாள். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை, அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார், அந்த முதுகு செவ்வாய்க்கிழமை மலையில் இருக்காது. அப்புறம் ஃபோனில் சொல்லலாம். சாத்தூருக்கு ஒரு நாள் நேரில் போய்ச் சொல்லலாம். இப்படித்தான் மூன்று வருஷம் போனது. யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லச் சொல்லவில்லை, தேர்வுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது, இந்த ஆறு பேருக்கு நடுவில்தான் அவள் இனியும் ஆட வேண்டும்.

"அண்ணே!" என்று கத்தினாள். காட்டில் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய குரல், தோட்டம் முழுக்கக் கேட்டது, தார்ப்பாயைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "அந்தத் தட்டு நெளியவே இல்லண்ணே! அன்னைக்கே கல்லுல வெச்சுப் பாத்தேன், மட்டமாத்தான் இருந்துச்சு. பெங்களூர் போறதுக்காக உங்ககிட்டப் பொய் சொன்னேன்!"

பெர்னதெத் டீச்சர் சால்வையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சின்னச்சாமி ஒன்றும் புரியாமல் தன் ஆரஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருதயராஜ் பாதிச் சரிவில் நின்றுவிட்டார், ஆனால் திரும்பவில்லை. மிச்ச டீயைப் புல்லில் ஊற்றினார். தவமணி நின்ற இடத்திலேயே நின்றாள், தட்டை எடுக்கவும் போகவில்லை, அவர் திரும்பட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.